மணிக்கூண்டு ரிக்கார்டின் இரண்டாம் பக்கம்

காவடி தூக்குகிறவன் மனதில் முருகன் இருக்க வேண்டும். போன தைப்பூசத்தன்று ரகுபதியின் மனதில் இருந்தவர்கள் நாலு இத்தாலிக்காரர்கள். இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலில் காவடியைத் தோளில் ஏற்றிக்கொண்டு கிளம்பியவனுக்கு முதல் ஒரு மணி நேரம் ஒரு குறையும் இல்லை. கூட வந்தவர்கள் 'வேல் வேல்' என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். மேளக்காரர்கள் நின்ற இடங்களில் கால் தானாக ஆடியது. அப்புறம் மேளமே இல்லாத ஒரு நீண்ட சாலை. உச்சி வெயில். கூட வந்தவர்களின் தொண்டையும் கட்டிவிட்டது. இனி ஓர் அடிகூட ஆகாது என்று கால்கள் சொல்லிவிட்டன. அந்த நேரம் பார்த்து அவன் மண்டைக்குள் அந்த ரிக்கார்டு ஓட ஆரம்பித்தது. பதின்மூன்று தட்டுக்கு ஒரு சுற்று. பேஸ் கிட்டார் அதையே விடாமல் சுற்றிச் சுற்றி வரும். எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று பிடிபடாது. நடந்துகொண்டே இருந்தால்தான் விழாமல் இருக்கலாம். கால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. டேங்க் ரோடு முருகன் கோயில் வாசல்வரை அதுதான் அவனை இழுத்துக்கொண்டு போனது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் அந்த நாலு இத்தாலிக்காரர்கள் போட்ட ரிக்கார்டு. அட்டையில் கறுத்துப்போன ஒரு மணிக்கூண்டு, அதன் உச்சியில் முகம் தெரியாத ஓர் ஆள். அதன் இத்தாலியப் பெயர் ரகுபதிக்கு வாயில் நுழையாது. பாலிடெக்னிக் காலத்தில் அவனும் அவன் கூட்டாளி அப்துல் ஹமீதும் சேர்ந்து வாங்கியது. அன்றைக்கே அதற்கு 'மணிக்கூண்டு ரிக்கார்டு' என்று பெயர் வைத்தாகிவிட்டது. தேவாலயத்து ஆர்கன் முழங்கும், புல்லாங்குழல் அழும், டிரம்ஸ் திடீரென்று திசை மாறும், நடுவில் ஒருவன் கதறுவான். இருபத்தைந்து வருஷமாக ரகுபதி அதைக் கேட்கிறான். ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது, தெரிந்துகொள்ள நினைத்ததும் இல்லை. சும்மா இருக்கத் தெரியாத மனுஷன் அவன். உட்கார்ந்தால் முட்டி ஆடும், நின்றால் விரல் தட்டும். தன்னைப்போலவே ஓர் இடத்தில் நிற்காத ஓர் இசை கிடைத்ததே, அது போதாதா!

காவடிக்குக் காரணம் மகள் இனியா. பதினைந்து வயது. பதின்மூன்றில் அவளுக்கு வலிப்பு வந்தது. பொங்கோல் அடுக்குமாடி வீட்டின் அடுப்படியில், கையில் தோசைத் தட்டோடு விழுந்தாள். மனைவி தேவகி அவளைத் தாங்கிக்கொண்டு கத்தினாள். ரகுபதி வெளியே ஓடினான். அவன் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலைக்காரன். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தால் லிஃப்ட் தயாராக இருக்க வேண்டாமா என்று, லிஃப்டைத் தன் மாடிக்கு வரவழைத்து, கதவை முதுகால் தடுத்துக்கொண்டு பதினோரு நிமிஷம் நின்றான். உள்ளே என்ன நடந்தது என்று அவன் பார்க்கவில்லை. அடுத்த தடவை மருந்து வாங்க ஓடினான். அதற்கடுத்த தடவை எதற்கு ஓடினான் என்று அவனுக்கே ஞாபகமில்லை. அப்புறம்தான் மூன்று வருஷம் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டான்.

முதல் காவடி எடுத்த நாளிலிருந்து வலிப்பு வரவில்லை. அடுப்படி நாள்காட்டியில் ஒவ்வொரு தாளைக் கிழிக்கும்போதும் எண்ணுவான். முந்நூற்று இருபது நாள் தாண்டியாயிற்று. முருகன் கணக்குத் தப்பாதவன் என்று வேலை இடத்தில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

இந்த வருஷம் தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருக்கையில், விரதம் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை, இனியா அந்த ரிக்கார்டை எடுத்து வந்து உட்கார்ந்தாள். அட்டைக்குள் பாட்டு வரிகள் அச்சடித்த தாள் ஒன்று இருந்தது. அதை இரு பக்கமும் கைபேசியில் படம் பிடித்தாள். கைபேசி அதை மொழிபெயர்த்துக் காட்டியது.

"அப்பா, இது என்ன பாட்டுன்னு தெரியுமா உங்களுக்கு? செம டார்க் லா."

"என்னவாம்?"

"ஒரு அப்பாவோட கதை. ஏதோ கொள்ளைநோய் காலம். அவரோட பொண்ணு செத்துப்போயிடுது. இவரு மணிக்கூண்டு மேல ஏறி நின்னு சாமியத் திட்டுறாரு. கேளுங்க." அவள் படித்தாள். "'உன் வாசலில் இனி மண்டியிட மாட்டேன். என் மகளை எடுத்துக்கொண்டாய். உன் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைப்பேன். உன் மணியின் நாக்கை அறுப்பேன்.' இதுதான் அந்த லாங்கா வர்ற பாட்டு. நீங்க எப்பவும் தட்டுவீங்களே, அது."

பதின்மூன்று தட்டு. தட்டிக்கொண்டிருந்த ரகுபதியின் விரல் நின்றது. மகளுக்காகக் காவடி தூக்கிக்கொண்டு, மகளைப் பறிகொடுத்தவன் சாமியைச் சபிக்கிற பாட்டை வழியெல்லாம் பாடிக்கொண்டு போயிருக்கிறான்!

"போதும், வை" என்று தாளைப் பிடுங்கி அட்டைக்குள் திணித்தான்.

"செகண்ட் சைட் இன்னும் படிக்கல பா."

"படிக்க வேணாம்னேன்ல!"

அன்றிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தப் பாட்டை மண்டையிலிருந்து துரத்தியே ஆக வேண்டும். காதில் முருகன் பாட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். லிஃப்ட் மோட்டார் உறுமினால் அது பதின்மூன்றில் உறுமியது. சாயங்காலம் பொங்கோல் நீர்வழியோரம் வெறுங்காலோடு நடந்து பழகினான். 'வேல் வேல்' என்று வாய் சொல்லும். கால் இத்தாலிக்கே போகும். வேண்டாம் என்று தள்ளத் தள்ள அது பன்மடங்காக வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தவனைப் பார்த்து எதிரே வந்த சீனக் கிழவர் ஒதுங்கிப் போனார்.

ஒரு வாரம் தாங்கினான். பிறகு ரிக்கார்டை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு ரயிலேறி, தேக்காவில் இறங்கி, சையத் ஆல்வி ரோட்டில் ஹமீதின் கைக்கடிகாரக் கடைக்குப் போனான்.

"இதை நீயே வச்சுக்கடா. என் வீட்டுல இருக்கக் கூடாது."

ஹமீது பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்தான். கூட்டாளியின் தாடியையும் குழிந்த கண்ணையும் பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டான். ரகுபதி உட்காரவில்லை. கண்ணாடி மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டே எல்லாவற்றையும் கொட்டினான்.

"ஏன்டா, உங்க சாமி விஷயத்துக்கு என்கிட்ட வந்து கேட்கறியே, நான் என்னத்தச் சொல்றது?"

"மனசுல ஒண்ணு, தோள்ல ஒண்ணுன்னா அது செல்லுமாடா?"

ஹமீது ஒரு கைக்கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டே யோசித்தான். "தொழுகையில நிக்கறப்ப எனக்குக் கடை ஷட்டரைப் பூட்டினேனா இல்லையான்னு ஓடும். அதுக்காகத் தொழாம இருக்க முடியுமா? திரும்பவும் மனசைக் கொண்டாந்து நிறுத்தறதுதான். இருபது வருஷமா நிறுத்திக்கிட்டிருக்கேன்."

"உனக்கு ஷட்டர்டா. எனக்கு சாமியைத் திட்டுற பாட்டு. என் பொண்ணு விஷயம்."

"பொண்ணு எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. முருகன் புண்ணியத்துல ஒண்ணும் வரல."

"டாக்டரு என்ன சொல்றாரு?"

"அதெல்லாம் தேவகி பார்த்துக்குவா" என்று சொல்லிவிட்டு, பையை அங்கேயே விட்டுக் கிளம்பினான். இப்போது அவன் மனதில் ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. போன வருஷம் எடுத்தது தோள் காவடி. இந்த வருஷம் உடம்பெங்கும் அலகு குத்தி, முப்பது கிலோ அலகுக்காவடி. வாய்க்கும் அலகு. செய்த தப்புக்கு அபராதம். குத்துகிற குத்தில் அந்தப் பாட்டு ஓடியே போய்விடும்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் இதை அறிவித்தான். தேவகி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இனியா மேசையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பாட்டு விஷயத்தையும் சொன்னான். "என்னாலதான் ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு. இத்தனை நாள் காப்பாத்துன சாமி கோவிச்சுக்கிட்டா? முந்நூத்து நாப்பது நாளா வராதது திரும்ப வந்துட்டா?"

இனியா பேனாவை மேசையில் வைத்தாள். அம்மாவைப் பார்த்தாள். தேவகி 'வேண்டாம்' என்பதுபோலத் தலையை அசைத்தாள்.

"வந்துச்சுப்பா" என்றாள் இனியா.

"என்ன வந்துச்சு?"

"ஃபிட்ஸ். ஆகஸ்ட்ல ஒண்ணு, ஸ்கூல் ஹால்ல, நேஷனல் டே ப்ராக்டிஸ் அப்போ. அக்டோபர்ல ஒண்ணு, எக்ஸாம் எழுதறப்போ. எல்லார் முன்னாடியும். யூனிஃபார்ம் எல்லாம் நனைஞ்சுபோச்சு. அம்மா வந்து கூட்டிட்டுப் போனாங்க."

ரகுபதி நாள்காட்டியைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். "என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?" தேவகி கீரைக்கட்டை ஓங்கி வைத்தாள். "இப்ப சொன்னீங்களே, அதைத்தான் அப்பவே பண்ணியிருப்பீங்க. இன்னும் நாலு அலகு. ஒவ்வொரு நாளும் தாளைக் கிழிச்சு எண்ணிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு நிக்கறீங்க. அந்த மூஞ்சியப் பார்த்து எப்படிச் சொல்றது? இவதான் சொல்ல வேணாம்னா. அப்பா பாவம்மான்னா."

அப்பா பாவம். பெற்ற மகள் அவனுக்காக இரக்கப்பட்டு, தன் வலிப்பை அவனிடமிருந்து ஒளித்து வைத்திருக்கிறாள். ரகுபதிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. வெட்கத்தில் காது சுட்டது. வெட்கம் வந்தால் கோபமும் கூடவே வரும் ஆள் அவன். "டாக்டர்கிட்டயாவது சொன்னீங்களா?"

"எல்லா அப்பாயின்ட்மென்டுக்கும் நான்தானே போறேன்? மருந்தைக் கூட்டியிருக்காங்க. மறுபடியும் தலையில ஒயர் ஒட்டி டெஸ்ட் பண்ணணுமாம். நாலு மாசம் காத்திருந்து தேதி கிடைச்சிருக்கு." தேவகி கொஞ்சம் தயங்கினாள். "தைப்பூசத்தன்னைக்கு. மத்தியானம் ரெண்டு மணி."

"தைப்பூசத்தன்னைக்கா? மாத்தச் சொல்ல வேண்டியதுதானே?"

"உங்களுக்குத்தான் தைப்பூசம். அவங்களுக்கு அது சாதாரண செவ்வாய்க்கிழமை லா. லீவா விட்டிருக்காங்க? மாத்தினா இன்னும் நாலு மாசம். நாங்க ரெண்டு பேரும் போயிட்டு வந்துடறோம். நீங்க காவடியப் பாருங்க."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகத்தான் சொன்னாள். அதுதான் அவனுக்கு அதிகம் வலித்தது. கூடத்திலிருந்து அடுப்படிக்கும், அடுப்படியிலிருந்து கூடத்துக்கும் நாலு தடவை நடந்தான். வேறு எதையாவது பேச வேண்டும், இல்லாவிட்டால் வெளியே போக வேண்டும். கை கதவுப் பிடிவரை போய்விட்டது. அங்கே நின்றுகொண்டு, "அந்த மீதிப் பாட்டு இருக்கா உன்கிட்ட?" என்று கேட்டான்.

"போட்டோ இருக்கு."

"படி."

"இப்பவா?"

"படிம்மா."

இனியா கைபேசியை எடுத்தாள். முதலில் சாதாரணமாகத்தான் படிக்கத் தொடங்கினாள். இரண்டாம் பக்கத்தில் அந்த அப்பன் மணிக்கூண்டிலிருந்து இறங்கி, காலியான தன் வீட்டுக்குப் போகிறான். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நிற்கிறாள்.

"'அவள் என்னைக் கூப்பிட்டாளாம். பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். விடியும்வரை கூப்பிட்டாளாம். நான் அப்போது உன் கோயிலில் நூறாவது மெழுகுவத்தியை ஏற்றிக்கொண்டிருந்தேன்.'" அவள் குரல் மெதுவாகியது. "'நீ என்னை வரச் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து, நானாகத்தான் உன்னிடம் ஓடி வந்தேன்.'"

அதற்கு மேலும் இருந்தது. அவள் படிக்கவில்லை. அவன் கேட்கவும் இல்லை. அந்த இடத்தில் ரிக்கார்டில் ஆர்கன் மட்டும் நெடுநேரம் ஒரே சுரத்தில் நிற்கும். இருபத்தைந்து வருஷமாக அந்த இடம் வந்தால் பொறுமையில்லாமல் ஊசியைத் தள்ளி வைத்துவிடுவான். கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டு, மகளுக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நான் காவடி எடுக்கல" என்றான்.

இப்போது பயந்தவள் தேவகி. "என்ன சொல்றீங்க? வேண்டுதலை விடச் சொல்லி நான் சொல்லலையே! விரதம் வேற ஒரு வாரம் ஆயிடுச்சு. அதெல்லாம் விளையாட்டு இல்லங்க."

"விடல. தள்ளி வைக்கிறேன். அன்னைக்கு நான் ஆஸ்பத்திரிக்கு வர்றேன்."

தேவகி அவனை நம்பினாளா இல்லையா என்பது தெரியவில்லை. சாமி மாடத்தின் முன்னே மஞ்சள் துணிக் கிழிசல் ஒன்றில் ஒரு வெள்ளி நாணயத்தை முடிந்து வைத்தாள். காவடி கட்டாயம் வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று அதற்கு அர்த்தம். முடிச்சை மூன்று தடவை இறுக்கினாள்.

தைப்பூசத்தன்று காலையில் ரகுபதி பட்ட பாடு சொல்லி முடியாது. ஏழு மணி, அவன் கிளம்ப வேண்டிய நேரம். நண்பர்கள் பெருமாள் கோயிலிலிருந்து படங்களாக அனுப்பித் தள்ளினார்கள். கைபேசியை அணைத்து வைத்தான். திரும்பப் போட்டான். குளித்தான். இன்னொரு தடவை குளித்தான். கால் இரண்டும் தானாகச் சிராங்கூன் ரோட்டுக்குப் போகப் பார்த்தன. இனியாவுக்கு ஏதாவது ஆனால் முருகனை எந்த முகத்தோடு கேட்பது என்ற பயம் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது. ஒன்றரை மணிக்கு மூவரும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள்.

பரிசோதனை அறையில் ஒருவருக்குத்தான் இடம். தேவகி வழக்கம்போல எழுந்தாள். "நான் போறேன்" என்றான் ரகுபதி. இனியா ஆச்சரியமாகப் பார்த்தாள்.

கட்டிலில் அவளைப் படுக்க வைத்து, தலையெங்கும் பசை தடவி ஒயர்களை ஒட்டினார்கள். பரிசோதிக்கும் சீனப் பெண்மணி நிதானமானவர். கண்ணுக்கு நேரே ஒரு விளக்கு மின்னி மின்னி அணையும், அப்போது சிலருக்கு வலிப்பு வரலாம், வந்தால் பயப்பட வேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். ரகுபதி தலையாட்டினான். முட்டி ஆடிக்கொண்டிருந்தது. கையால் அழுத்திப் பிடித்தான்.

விளக்கு மெதுவாக மின்னத் தொடங்கியது. வேகம் கூடியது. இன்னும் கூடியது. "அப்பா" என்றாள் இனியா. அந்தக் குரல் அவளுடையதுபோல இல்லை. தலை ஒரு பக்கமாகத் திரும்பியது. உடம்பு விறைத்தது. பிறகு உதறத் தொடங்கியது.

அவன் எழுந்துவிட்டான். கதவு இரண்டே அடியில் இருந்தது. தேவகியைக் கூப்பிடலாம். டாக்டரைத் தேடலாம். லிஃப்ட் இருக்கிறதா என்று பார்க்கலாம். போக ஆயிரம் காரணம் இருந்தது.

"பிடித்து அழுத்தாதீர்கள். பக்கத்தில் மட்டும் நில்லுங்கள்" என்றார் அந்தப் பெண்மணி, விளக்கை அணைத்து, இனியாவை ஒருக்களிக்க வைத்தபடி.

ரகுபதி நின்றான். முதல் தடவையாகப் பார்த்தான். மேலே செருகிய கண், நீலம் பாரித்த உதடு, கடைவாயில் நுரை. அவன் வாங்கிக் கொடுத்த வளையல் கட்டில் கம்பியில் அடித்து அடித்துச் சத்தமிட்டது. அழுதான். அழுதுகொண்டே நின்றான். ஒன்றரை நிமிஷம்தான் என்று பிற்பாடு சொன்னார்கள். அவனுக்கு அது ஒரு தைப்பூச வழியைவிட நீளமாக இருந்தது.

உதறல் அடங்கியது. மூச்சு பெரிதாக வந்தது. வெகு நேரம் கழித்து இனியா கண்ணைத் திறந்தாள். அறையைப் பார்த்தாள், ஒயர்களைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். எங்கே இருக்கிறோம் என்று தெரியாத பார்வை.

"அப்பா... நீங்க கோயிலுக்குப் போகலையா?"

"போகலம்மா. இங்கதான் இருக்கேன்."

கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் திறந்தாள். "அப்பா, கோயிலுக்குப் போகலையா நீங்க?"

அவன் அந்தப் பெண்மணியைப் பார்த்தான். கொஞ்ச நேரத்துக்கு அப்படித்தான் இருக்கும், சொன்னது மனதில் நிற்காது, கேட்டதையே கேட்பாள் என்றார் அவர்.

"போகலம்மா" என்றான். "இங்கதான் இருக்கேன்."

அவள் மறுபடி கேட்டாள். அவன் மறுபடி சொன்னான்.